பச்சைக் கல்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அது
அந்தமானுக்குத் தெற்கே வெறும் ஒரு சுழி.
மாட்டு நெற்றியில் இருந்தால்
பார்த்ததும் பலன் சொல்லிவிடுவார்கள்.
இதற்கும் சொன்னார்கள்.
ஒரு மாடல் நெல்லூர் என்றது
இன்னொன்று மரக்காணம்.
இரண்டுக்கும் நடுவில் கரையேறி
நேர் மேற்கே நடந்து வந்தால்
எங்கள் சூளை.
பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம்,
பாலாறு என்று பலகை மட்டும் நிற்கிற
மணலுக்கு அருகில்.

களத்தில் நாற்பத்திரண்டாயிரம் பச்சைக் கல்.
காய இன்னும் நாலு வெயில் வேண்டும்.
நாங்கள் நாளை அப்படித்தான் எண்ணுவோம்.
ஒரு மணி நேரம் நின்று பெய்தால்
கல் மறுபடி மண்.
மண்ணுக்கு அதில் நஷ்டமில்லை.

புதன் காலை லாங் பஜார் போனேன்.
கலீல் கடையில் தார்ப்பாய் வாடகை
நேற்று எண்பது, இன்று நூற்றிருபது.
'வருமா பாய்?'
'வராதுன்னா எண்பதுக்கே குடுத்திருப்பேனே.'
அதுவரை எனக்குக் கிடைத்த முன்னறிவிப்புகளில்
அதுதான் தெளிவாக இருந்தது.

வீட்டில் கோவர்த்தனன் நம்பவில்லை.
போன தடவை சிவப்பு எச்சரிக்கை,
பள்ளிக்கு லீவு, தார்ப்பாய்க்கு ஒன்பதாயிரம்.
வந்தது, வேட்டி காயப்போடத் தோதான காற்று.
அதற்கு முந்தின தடவை
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
விடியும்போது பதினெட்டாயிரம் கல்
கஞ்சியாகக் கிடந்தது.
இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால்
என்ன வரும்?
அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு
களத்துக்குப் போய்விட்டார்.

அம்சவேணி கல்லைத் திருப்பிப் போட்டபடி கேட்கிறாள்:
'இன்னாக்கா சொல்லுது போனு?'
அறுபது சதவீதம் என்கிறேன்.
'அறுபதுன்னா வருமா, வராதா?'
பத்துத் தடவையில் ஆறு தடவை வரும்.
'இது எத்தினியாவது தடவை?'

வியாழன், அநியாய வெயில்.
புயல் தூரத்தில் இருக்கும்போது
மேகத்தையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்ளுமாம்.
கார்த்திகையில் கல் சித்திரை போலக் காய்ந்தது.
வரப்போகிறதே எங்களுக்கு
அவகாசமும் கொடுத்துக்கொண்டிருந்தது.

திருவொற்றியூரிலிருந்து தம்பி பேசினான்.
பிரெட் இல்லை, பால் இல்லை, மெழுகுவத்தி இல்லை.
'உனக்கென்ன, நீ மேட்டுல இருக்கிற.'
டிவியில் படம் கரையோடு முடிந்துவிடுகிறது.
அதற்குப் பிறகு புள்ளி புள்ளியாய் ஒரு கோடு
எங்கள் பக்கம் வந்து, பெயர் இழந்து
வெறும் தாழ்வு என்று ஆகிறது.
பெயர் இழந்ததுதான்
எங்களிடம் கொட்டிவிட்டுப் போகும்.

ஒன்றை மட்டும் அம்சவேணியிடம் சொல்லவில்லை.
போர் அறுநூறு அடியில் புகையாகத் துப்புகிறது.
மண் பிசைய டேங்கர் வருகிறது.
கல் காய மழை வரக்கூடாது
கல் அறுக்க மழை வரவேண்டும்.
கோயிலில் இரண்டையும் கேட்டேன்.
படுத்திருந்த பெருமாள்
படுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

வெள்ளி இரவு பத்து மணி.
'நகராமல் நிலைகொண்டுள்ளது.'
அதாவது, அதற்கும் தெரியவில்லை.
பாயை விரித்து
விளிம்பெல்லாம் வெந்த கல் அடுக்கினோம்.
மூடினால் கல் வேர்க்கும்,
மூடாவிட்டால் கரையும்.
ஒவ்வொரு மணி நேரமும் எந்தப் பக்கம் நஷ்டம் என்று
கணக்கு நோட்டில் எழுதப் பார்த்து விட்டுவிட்டேன்.

இரண்டு மணிக்கு விழித்து டார்ச்சோடு போனேன்.
பாய்க்கு அடியில் கைவிட்டால்
கல் இன்னும் பகல் சூட்டில்.
கிழக்கே காற்று ஒருமுறை கிளம்பி
யோசித்து நின்றுவிட்டது.
வெளிச்சத்தைக் களத்து ஓரமாக நகர்த்தினேன்.

தார்ப்பாயின் சரிவு முடிகிற இடத்தில்
வரிசையாக, வாய் திறந்து,
பதினோரு டிரம்கள்.
அலம்பி வைத்திருந்தார்,
நம்பாத மனுஷன்.